பச்சை இலைக் கணக்கு நிரலுக்குத் தனி ஹீப்: திறப்பதும் பிழை எண்களைப் படிப்பதும்

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் வட்டாரத்தில் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலைகளில், எடைச் சீட்டைப் பதிந்து மாதக் கடைசியில் பட்டுவாடாக் கணக்குப் போட ஒரு சின்ன விண்டோஸ் நிரல் இருக்கும். அப்படி ஒன்றை சி மொழியில் புதிதாக எழுத உட்காருபவருக்கும், யாரோ எழுதிவிட்டுப் போனதைப் பராமரிக்க வந்தவருக்கும் இந்தக் கட்டுரை. சி மொழியில் பாயிண்டர் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

இந்த வகை நிரல்களுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு: ஜனவரியில் நன்றாக ஓடும், மே மாதம் விழும். உறைபனிக் காலத்தில் இலை வரத்து குறைவு. கோடை மழை பெய்து கொழுந்து பொங்கும்போது சீட்டுகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். நிரலை எழுதி முடித்து சோதிப்பதோ பெரும்பாலும் வேலை குறைந்த மாதங்களில். ஆகவே மெமரி கேட்டுக் கிடைக்காமல் போகும் பாதையை யாரும் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பாதையைத்தான் இங்கே அதிகம் பார்க்கப் போகிறோம்.

தனி ஹீப் எதற்கு?

ஹீப் என்பது நிரல் ஓடும்போது துண்டு துண்டாக மெமரி கேட்டு வாங்கும் இடம். ஒவ்வொரு நிரலுக்கும் விண்டோஸ் ஒரு பொது ஹீப்பைக் கொடுத்தே தொடங்குகிறது. அதன் ஹேண்டிலை, அதாவது அதைக் குறிக்கும் அடையாள மதிப்பை, கெட்ப்ராஸஸ்ஹீப் என்ற ஃபங்ஷன் தரும். சாதாரண வேலைக்கு அது போதும். ஆனால் மாதக் கணக்கு போடும் வேலைக்கு ஒரு குணம் இருக்கிறது: ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை வாங்குகிறோம், கணக்கு முடிந்ததும் அத்தனையும் வேண்டாம். இதற்கென்று தனி ஹீப் ஒன்றைத் திறந்து, வேலை முடிந்ததும் ஹீப்டெஸ்ட்ராய் ஒரே அழைப்பில் மூடிவிட்டால், துண்டு துண்டாக விடுவிக்க வேண்டியதில்லை. எதையாவது விடுவிக்க மறந்து மெமரி கசிவதும் இல்லை. அடுத்த மாதக் கணக்கு சுத்தமான இடத்தில் தொடங்கும்.

திறப்பது

ஹீப்பைத் திறக்கும் ஃபங்ஷனான ஹீப்கிரியேட் மூன்று மதிப்புகளைக் கேட்கும்: விருப்பங்கள், தொடக்க அளவு, உச்ச அளவு.

விருப்பங்களுக்கு 0 கொடுங்கள். இங்கே கொடுக்கக்கூடிய மதிப்புகளில் அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு. 1 கொடுத்தால் ஹீப்பின் உள்பூட்டு நீங்கிவிடும். கொஞ்சம் வேகம் கிடைக்கும் என்று ஆசை காட்டும். ஆனால் எடை மெஷினின் சீரியல் போர்ட்டைப் படிக்க ஒரு த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை), திரையைக் கவனிக்க இன்னொரு த்ரெட் என்று நிரல் இருந்து, இரண்டும் ஒரே நேரத்தில் ஹீப்பைத் தொட்டால் உள் அமைப்பு குலைந்துவிடும். கணக்கு நிரலுக்கு அந்த வேகம் தேவையே இல்லை. 4 கொடுத்தால், மெமரி கிடைக்காதபோது நல் (வெற்றுப் பாயிண்டர்) திரும்புவதற்குப் பதிலாக எக்செப்ஷன், அதாவது நிரலின் ஓட்டத்தை நடுவில் முறிக்கும் பிழை, எழும். இதைப் பிறகு பார்ப்போம்.

தொடக்க அளவு 0 என்றால் ஒரு பக்கம், அதாவது வழக்கமான கணினிகளில் 4,096 பைட், ஒதுக்கப்படும். வேறு எண் கொடுத்தால் அது பக்க அளவின் மடங்காக மேல்நோக்கித் திருத்தப்படும். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. 65,536 கொடுத்தால் போதும்.

உச்ச அளவுதான் புதியவர்களைக் கவிழ்ப்பது. 0 கொடுத்தால் ஹீப் தேவைக்கேற்ப வளரும். வேறு எந்த எண் கொடுத்தாலும் ஹீப் அந்த அளவோடு நின்றுவிடும். அது மட்டுமானால் பரவாயில்லை. உச்ச அளவு குறிக்கப்பட்ட ஹீப்பிலிருந்து ஒரே துண்டாக வாங்கக்கூடிய அளவுக்கும் ஒரு வரம்பு வந்துவிடுகிறது: 32 பிட் நிரலில் 512 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவு, 64 பிட் நிரலில் 1,024 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஹீப்பில் எவ்வளவு காலி இடம் இருந்தாலும் அதைத் தாண்டிய துண்டு கிடைக்காது.

இது நடைமுறையில் எப்படிக் கடிக்கும் என்று பாருங்கள். ஒரு சீட்டுக்கு 32 பைட் என்று வைத்துக்கொள்வோம்: உறுப்பினர் எண், தேதி, கொள்முதல் நிலைய எண், எடை, ஈரத்துக்குக் கழித்தது, இப்படி. (எடையை கிராமில் முழு எண்ணாக வையுங்கள். தசமத்தில் வைத்தால் மாதக் கூட்டுத்தொகை சில பைசா தள்ளாடும். விவசாயி சும்மா விடமாட்டார்.) சீட்டுகளை ஒரே வரிசையில் வைத்து, 1,024 சீட்டுக்கு இடம் வாங்கித் தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் இரட்டிப்பாக்குவது வழக்கமான முறை. ஹீப்பின் உச்ச அளவு தாராளமாக 8 மெகாபைட். 1,024, 2,048, 4,096, 8,192 வரை சிக்கல் இல்லை. 8,193ஆவது சீட்டு வரும்போது 16,384 சீட்டுக்கு இடம் கேட்கிறோம்: 5,24,288 பைட். சரியாக 512 கிலோபைட். 32 பிட் நிரலில் இது வரம்பைத் தொட்டுவிட்டது, கோரிக்கை தோற்கும். 64 பிட்டாகத் தொகுத்தால் தப்பிக்கலாம், அதுவும் 16,385ஆவது சீட்டு வரை மட்டும். அப்போது 10,48,576 பைட் கேட்போம், மறுபடி அதே சுவர். ஜனவரியில் 7,000 சீட்டு, மே மாதம் 18,000 சீட்டு என்று வரும் தொழிற்சாலையில், இந்த நிரல் எந்த மாதம் விழும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். 8 மெகாபைட்டில் முக்கால்வாசி காலியாக இருக்கும்போதே விழும் என்பதுதான் ஆளைக் குழப்புவது.

தீர்வு இரண்டு. உச்ச அளவை 0 ஆக்குவது ஒன்று. வளரும் ஹீப்பில் பெரிய துண்டுகள் நேரடியாக வர்ச்சுவல் மெமரியிலிருந்து எடுக்கப்படும், மேற்சொன்ன வரம்பு கிடையாது. இரட்டிப்பாக்குவதை விட்டுவிட்டு, 2,048 சீட்டுக்கு ஒரு தட்டு (65,536 பைட்) என்று வாங்கி, தட்டுகளைத் தொடுத்துக்கொண்டே போவது இன்னொன்று. 18,000 சீட்டுக்கு 9 தட்டு. இரண்டாவதே மேல். வரிசையைப் பெரிதாக்கும்போது துண்டு வேறு முகவரிக்கு இடம் மாறலாம். பழைய முகவரியைப் பிடித்து வைத்திருந்த பாயிண்டர்கள் எல்லாம் செத்துப்போகும். தட்டுகள் இடம் மாறுவதில்லை. இரண்டையும் சேர்த்தே செய்தால் நல்லது.

யார் எப்படித் தோல்வியைச் சொல்வார்கள்

ஹீப் குடும்பத்தில் ஒவ்வொரு ஃபங்ஷனும் தோல்வியை வெவ்வேறு விதமாகச் சொல்கிறது. ஒன்றுக்குப் பழகிய சோதனையை இன்னொன்றுக்குப் போட்டால் பிழை கண்ணில் படாமலே போய்விடும். மனப்பாடம் செய்ய வேண்டியது இந்தப் பகுதி மட்டுமே.

ஹீப்கிரியேட் தோற்றால் நல் திரும்பும். காரணம் வேண்டுமென்றால், கடைசிப் பிழையின் எண்ணைத் தரும் கெட்லாஸ்ட்எரர் ஃபங்ஷனைக் கேளுங்கள், உடனே கேளுங்கள். நடுவில் ஒரு ஃபைலைத் திறந்தாலோ திரையில் எழுதினாலோ அந்த எண் மாறிப்போகலாம். கிடைத்ததை முதல் வேலையாக ஒரு மாறியில் எடுத்து வைத்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். 8 வந்தால் மெமரி போதவில்லை. 87 வந்தால் கொடுத்த மதிப்புகளில் ஏதோ தவறு. கட்டளைச் சாளரத்தில் நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி என்று அடித்து எண்ணைக் கொடுத்தால் விளக்கம் ஒரு வரியில் வரும்.

ஹீப்பிலிருந்து துண்டு வாங்கும் ஹீப்அல்லாக் தோற்றாலும் நல்தான். ஆனால் இங்கே கெட்லாஸ்ட்எரர் கேட்கக் கூடாது. இந்த ஃபங்ஷன் பிழை எண் எதையும் பதிவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. கேட்டால் இதற்கு முன் எப்போதோ நடந்த வேறொரு பிழையின் எண் கிடைக்கும், அல்லது 0 கிடைக்கும். 0க்கான விளக்கம் 'செயல் வெற்றிகரமாக முடிந்தது'. 'மெமரி கிடைக்கவில்லை, காரணம்: செயல் வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் வந்து நிற்கும் நிரல்கள் இப்படிப் பிறந்தவைதான். ஹீப்அல்லாக்கில் நல் வந்தால், எத்தனை பைட் கேட்டோம், நிரலில் எந்த இடத்தில் கேட்டோம் என்ற இரண்டையும் நீங்களே குறித்து வையுங்கள். வேறு தகவல் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை.

இன்னொன்று. வாங்கிய இடம் பூஜ்யத்தால் நிரப்பப்பட்டு வர வேண்டுமென்றால் 8 என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உள்ளே பழைய குப்பை இருக்கும். எடையைக் கூட்டிக்கொண்டே போகும் மாறி அந்த இடத்தில் இருந்தால் கணக்கு எங்கோ போய் நிற்கும். (மேலே பார்த்த பிழை எண் 8 வேறு, இந்த 8 வேறு.)

வாங்கிய துண்டின் அளவை மாற்றும் ஹீப்ரீஅல்லாக்கும் நல் திருப்பும், அதுவும் பிழை எண்ணைப் பதியாது. தோற்றால் பழைய துண்டு அப்படியே இருக்கும் என்பது நல்ல செய்தி. அதைக் கெடுப்பது இந்த வரி:

சீட்டுகள் = ஹீப்ரீஅல்லாக்(ஹீப், 0, சீட்டுகள், புதிய_அளவு);

நல் வந்தால், அந்த நல் சீட்டுகள் மாறியிலேயே உட்கார்ந்துவிடும். அன்றுவரை பதிந்த எல்லாச் சீட்டும் மெமரியில் பத்திரமாக இருக்கின்றன, போய்ச்சேர வழிதான் இல்லை. எப்போதும் தனி மாறியில் வாங்குங்கள்:

புதியது = ஹீப்ரீஅல்லாக்(ஹீப், 0, சீட்டுகள், புதிய_அளவு);

புதியது நல் இல்லை என்று உறுதியான பிறகே அதைச் சீட்டுகள் மாறிக்கு மாற்றுங்கள்.

ஹீப்சைஸ் முற்றிலும் வேறு ஜாதி. அது ஒரு துண்டின் அளவைத் திருப்புவதால் 0 என்பது அங்கே தோல்வி அல்ல. தோல்விக்கு அடையாளம் -1. அந்த எண்ணோ குறியில்லா வகை. ஆகவே 0க்குக் குறைவா என்று சோதித்தால் ஒருநாளும் உண்மையாகாது. சைஸ்_டி வகைக்கு மாற்றிய -1க்குச் சமமா என்று சோதிக்க வேண்டும்.

ஒரு துண்டை விடுவிக்கும் ஹீப்ஃப்ரீ, முழு ஹீப்பையும் மூடும் ஹீப்டெஸ்ட்ராய் இரண்டும் வெற்றியென்றால் பூஜ்யம் அல்லாத மதிப்பு, தோல்வியென்றால் 0 தரும். இவற்றுக்கு கெட்லாஸ்ட்எரர் வேலை செய்யும். பல நூலகங்களில் 0 என்றால் வெற்றி என்று பழகியவர்கள் இங்கே தலைகீழாகச் சோதித்துவிடுவார்கள். ஹீப்டெஸ்ட்ராய்க்குப் பொது ஹீப்பின் ஹேண்டிலைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் திறந்ததை மட்டும் மூடுங்கள். மூடியதும் ஹேண்டிலை நல் ஆக்கிவிடுங்கள்.

ஹீப்வாக் கொண்டு துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகலாம். அது 0 திருப்பி, பிழை எண் 259 என்று வந்தால் அது பிழையே அல்ல. பட்டியல் முடிந்தது என்று அர்த்தம். வேறு எண் வந்தால்தான் கவலை.

எக்செப்ஷனாக வரும் குறிகள்

ஹீப்பைத் திறக்கும்போது 4 கொடுத்திருந்தால், ஹீப்அல்லாக் நல் திருப்பாது. எக்செப்ஷன் எழும், டிரை, எக்செப்ட் கட்டமைப்பால் பிடிக்காவிட்டால் நிரல் அங்கேயே முடிந்துவிடும். புதியவர்களுக்கு இந்த வழி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நல் சோதனை கண்ணுக்குத் தெரியும், படிக்க எளிது. ஆனால் பழைய நிரலைப் பராமரிக்க வந்தவர் ஹீப்கிரியேட் வரியை முதலில் பார்த்துவிட வேண்டும். அங்கே 4 இருந்தால், கீழே எவ்வளவு அழகாக நல் சோதனை எழுதினாலும் அது ஒருநாளும் ஓடாது.

இப்படி வரும் குறிகள் ஹெக்ஸ் எண்களில் சி0 என்று தொடங்கும். சி0000017 என்றால் மெமரி இல்லை. சி0000005 என்றால் தொடக்கூடாத முகவரியைத் தொட்டது. ஹீப் குலைந்திருந்தாலும் இது வரும். சி0000374 என்றால் ஹீப் குலைந்துவிட்டதை விண்டோஸே கண்டுபிடித்து நிரலை நிறுத்தியது. கட்டளைச் சாளரத்தில் எரர்லெவலை (நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) பார்த்தால் இதே குறிகள் எதிர்ம எண்களாகத் தெரியும்: முறையே -1073741801, -1073741819, -1073740940. நிரல் சத்தமில்லாமல் மறைந்துவிட்டது என்று தொழிற்சாலையிலிருந்து போன் வந்தால், ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்து 1000 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடச் சொல்லுங்கள். எக்செப்ஷன் குறி அதில் இருக்கும். அந்த ஒரு வரியைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், குன்னூரிலிருந்து மலை வளைவுகளில் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்காது.

குலைந்த ஹீப்: தமிழ்ப் பெயர்கள் செய்யும் வேலை

சி0000374 வந்தால் மெமரி பற்றாக்குறை காரணம் இல்லை. நீங்கள் வாங்கிய இடத்துக்கு வெளியே எழுதியிருக்கிறீர்கள், அல்லது ஒன்றையே இரண்டுமுறை விடுவித்திருக்கிறீர்கள், அல்லது ஒரு ஹீப்பில் வாங்கியதை இன்னொரு ஹீப்பின் ஹேண்டிலோடு விடுவித்திருக்கிறீர்கள். சி மொழியின் மேலாக் ஃபங்ஷன் கொண்டு வாங்கியதை ஹீப்ஃப்ரீயிடம் கொடுப்பதும் மூன்றாவது வகைதான்.

முதல் வகைக்கு நம் ஊரில் ஒரு நிரந்தரக் காரணம் உண்டு. கொள்முதல் நிலையப் பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லா ஊரும் அடங்கும். பிறகு பில் தமிழில் வேண்டும் என்று கேட்பார்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். 'ஊட்டி' 5 குறியீடு, 15 பைட், முடிவுப் பூஜ்யத்தோடு 16. அடங்கிவிடும். 'குன்னூர்' 8 குறியீடு, 24 பைட். 'கோத்தகிரி' 9 குறியீடு, 27 பைட், பூஜ்யத்தோடு 28. ஒதுக்கியதைவிட 8 பைட் அதிகம். ஊட்டியை வைத்துச் சோதித்தவருக்கு நிரல் சரி. கோத்தகிரியில் நிறுவியவருக்கு மாதக் கடைசியில் மரணம்.

மாதக் கடைசியில் என்பதைக் கவனியுங்கள். எல்லை தாண்டி எழுதிய கணத்தில் ஒன்றும் நடக்காது. பக்கத்துத் துண்டைப் பற்றி ஹீப் வைத்திருக்கும் குறிப்பு அழிந்திருக்கும். அந்தத் துண்டை விடுவிக்கும்போதோ புதிதாக ஒன்றை வாங்கும்போதோதான் குட்டு வெளிப்படும். ஆகவே நிரல் விழுந்த வரியில் பிழையைத் தேடாதீர்கள். அது பிணம் கிடந்த இடம், கொலை நடந்த இடம் வேறு.

அதைக் கண்டுபிடிக்கப் படிகள் இவை. முதலில், நிரலின் தொடக்கத்திலேயே ஹீப்செட்இன்ஃபர்மேஷன் அழைத்து, ஹீப் குலைந்தால் உடனே நிறுத்து என்ற விருப்பத்தை (எண் 1) இயக்குங்கள். குலைந்த ஹீப்போடு பட்டுவாடாக் கணக்கைப் போட்டு முடிப்பதைவிட நிரல் நின்றுவிடுவது மேல். அடுத்து, சந்தேகமான இடங்களில் ஹீப்வாலிடேட் வையுங்கள். துண்டு முகவரிக்குப் பதில் நல் கொடுத்தால் முழு ஹீப்பையும் சோதிக்கும். 0 வந்தால் குலைந்திருக்கிறது. பதிவுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று வைத்து வட்டத்தைக் குறுக்கிக்கொண்டே வரலாம். மெதுவாக ஓடும், சோதனைக்கு மட்டும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் விண்டோஸின் பிழைதிருத்தக் கருவிகளோடு வரும் ஜிஃப்ளாக்ஸ் இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, /பி /எனேபிள், உங்கள் இஎக்ஸ்இ ஃபைலின் பெயர், /ஃபுல் என்று கொடுத்தால், ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கத்தின் முடிவை ஒட்டி வைக்கப்பட்டு, அடுத்த பக்கம் தொடமுடியாதபடி பூட்டப்படும். எல்லை தாண்டும் அந்த வரியிலேயே சி0000005 எழும். ஒரு நுணுக்கம்: 64 பிட் நிரலில் துண்டுகள் 16 பைட் எல்லையில் தொடங்குவதால், 20 பைட் கேட்டால் 32 பைட்டாக வைக்கப்படும், கோத்தகிரியின் 28 பைட் அதற்குள் அடங்கிவிடும், உடனே பிடிபடாது. /அன்அலைன்ட் என்பதையும் சேர்த்தால் துண்டின் முடிவு சரியாகப் பக்க முடிவில் வந்து நிற்கும். 21ஆவது பைட்டிலேயே பிடிபடும்.

கிடைக்காதபோது செய்ய வேண்டியது

நல் வந்ததும் நிரலை மூடிவிடுவது சுலபம். ஆனால் வாசலில் இலை வண்டி நிற்கிறது, எடை போட்டாகிவிட்டது. வரிசையை இப்படி அமையுங்கள்: எடை வந்ததும் முதலில் சீட்டை வட்டில் எழுதுங்கள், பிறகு மெமரியில் சேருங்கள். மெமரியில் சேர்ப்பது தோற்றால், சீட்டு பதிந்துவிட்டது, திரையில் மாதக் கூட்டுத்தொகை மட்டும் இப்போது காட்ட முடியாது என்று சொல்லுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போய் வரும் இடங்களில் இந்த வரிசை எப்படியும் தேவை.

பிழைச் செய்தியைத் தயாரிக்கப் புதிதாக மெமரி கேட்காதீர்கள். இல்லாத இடத்தில் இன்னும் கொஞ்சம் கேட்பதாகிவிடும். தொடக்கத்திலேயே 512 பைட் நிலையான இடம் ஒன்றை ஒதுக்கி வைத்து, செய்தியை அதில் எழுதுங்கள். தமிழ்ச் செய்தி என்றால் பைட் கணக்கை மறக்காமல் 2,048 ஆக்குங்கள்.

கடைசியாக, இந்தப் பாதை ஓடுகிறதா என்று வேண்டுமென்றே சோதியுங்கள். தொடக்க அளவு 0, உச்ச அளவு 65,536 என்று ஒரு சோதனைப் பதிப்பைத் தொகுத்து, 64 கிலோபைட் தட்டு ஒன்றைக் கேளுங்கள். கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். ஹீப்பின் சொந்தக் கணக்குக் குறிப்புகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. முதல் தட்டே கிடைக்காத நிலையில் ஒரு சீட்டைப் பதிந்து பாருங்கள்: வட்டில் இருக்கிறதா, செய்தி புரியும்படி வருகிறதா, அடுத்த சீட்டை நிரல் ஏற்கிறதா. பிறகு உச்ச அளவை 0க்குத் திருப்பி, 20,000 பொய்ச் சீட்டுகளை, எல்லா நிலையப் பெயரும் தமிழில், உள்ளே தள்ளி மாதக் கணக்கை ஓட்டுங்கள். ஜிஃப்ளாக்ஸ் வைத்திருந்தால் /டிஸேபிள் கொடுத்து எடுத்துவிடுங்கள். அந்த அமைப்பு கணினியை அணைத்துப் போட்டாலும் அப்படியே இருக்கும். மறந்தால் பட்டுவாடா நாளன்று நிரல் ஆமை வேகத்தில் ஓடும், காரணம் யாருக்கும் தெரியாது.